பள்ளியை மூடி எல்லையை மாற்றப் போகிறார்களாம், கூட்டத்தில் என்ன கேட்பது?

ரெண்டு பிள்ளை அம்மா:

எங்கள் தொடக்கப் பள்ளியை இந்தக் கல்வியாண்டோடு மூடப் போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. 410 பேருக்கான கட்டடத்தில் 236 பேர்தான் படிக்கிறார்களாம், பயன்பாடு 58 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். கூடவே புது எல்லை வரைபடம். எங்கள் தெருவின் நடுவிலேயே கோடு போகிறது. இந்தப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு பள்ளி, எதிர்வரிசைக்கு வேறு பள்ளி. என் மகளும் எதிர்வீட்டுப் பெண்ணும் முதல் வகுப்பிலிருந்து ஒன்றாக நடந்து போகிறவர்கள்.

மகள் நான்காம் வகுப்பு. அடுத்த வருடம் ஐந்தாவதுக்கு ஒரு புதுப் பள்ளி, அதற்கடுத்த வருடம் நடுநிலைப் பள்ளி. இரண்டு வருடத்தில் இரண்டு மாற்றம். சின்னவன் ஒன்றாவதுதான், அவன் சமாளித்துக்கொள்வான்.

மூன்று வாரத்தில் பொதுக்கூட்டம், ஆளுக்கு இரண்டு நிமிடம். பெற்றோர் வாட்ஸ்அப் குழு அதற்குள் இரண்டாக உடைந்துவிட்டது. மூடவே கூடாது என்று ஒரு கூட்டம். மூடுவது உறுதி, நமக்கு நல்ல பள்ளி கிடைக்கிற வழியைப் பார்ப்போம் என்று இன்னொரு கூட்டம். நேற்றுவரை கார்களில் பிள்ளைகளை மாற்றி மாற்றி ஏற்றிப் போனவர்கள் இன்று பேசிக்கொள்வதில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் என்ன கேட்டால் உருப்படியாக இருக்கும்?

மழைக்காலம்:

நாங்கள் ஆயிரம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

கோடு போட்டவன்:

எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று கோடு போடும் எல்லைக் குழுவில் ஒன்றரை வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த 410 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இருக்கிற அறைகளை எண்ணி, அறைக்கு இத்தனை பேர் என்று பெருக்குவார்கள். சிறப்புக் கல்வி அறையில் எட்டுப் பத்துப் பிள்ளைகள்தான் இருக்க முடியும். அதையும் முழு வகுப்பறையாக எண்ணிவிட்டால் பள்ளி காலியாகக் கிடப்பதுபோலத் தெரியும். சிகாகோவில் 2013ல் ஏறக்குறைய 50 பள்ளிகளை ஒரே வீச்சில் மூடியபோது வகுப்புக்கு 30 பேர் என்ற கணக்கை வைத்தார்கள், அங்கேயும் இதே புகார்தான் கிளம்பியது. அறைவாரியான பட்டியலை எழுத்தில் கேளுங்கள். கூட்டத்துக்கு முன்பே கேளுங்கள், அன்று கேட்டால் "பிறகு அனுப்புகிறோம்" என்பார்கள்.

இரண்டாவது, வருங்கால எண்ணிக்கை. போன வருடம் ஒன்றாவதில் 50 பேர், இந்த வருடம் இரண்டாவதில் 47 பேர் என்றால் விகிதம் 0.94. இப்படி ஒவ்வொரு வகுப்புக்கும் விகிதம் கண்டுபிடித்து முன்னே இழுத்துக்கொண்டு போவார்கள். முறை தவறில்லை. ஆனால் மூடப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பிய வருடத்தில் நாலு பேர் முந்திக்கொண்டு பிள்ளைகளை மாற்றியிருப்பார்கள், அந்த ஓட்டமும் விகிதத்துக்குள் புகுந்துவிடும். உங்கள் ஊரில் பேச்சு எப்போது ஆரம்பித்தது? அதற்கு முந்தைய வருடங்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் என்ன வருகிறது என்று கேளுங்கள்.

சேமிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2011ல் பியூ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஆறு அமெரிக்க நகரங்களைப் பார்த்து எழுதிய அறிக்கையில், ஒரு பள்ளியை மூடினால் ஆண்டுக்கு மிச்சமாவது சராசரியாகப் பத்து லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. பெரிய அளவில் ஆட்களைக் குறைத்த இடங்களில்தான் தொகை கூடியது. காலிக் கட்டடங்களை விற்பதும் சுலபமாக இல்லை. ஆகவே எத்தனை வேலைகள் போகின்றன, பூட்டிய கட்டடத்துக்குக் காவலும் காப்பீடும் யார் கணக்கில் என்று கேட்கலாம்.

அப்புறம் உங்கள் தெருக் கோடு. இதை எழுதத்தான் வந்தேன். எங்கள் குழுவில் முதல் வரைபடத்தில் என் தெரு வேறு பள்ளிக்குப் போனது. பிள்ளைகள் அகலச் சாலையைக் கடக்க வேண்டியிருக்கும் என்று வாதாடி, கோட்டை மாற்றவைத்தேன். பாதுகாப்பு என்று சொன்னேன், மனதில் இருந்தது நல்ல பள்ளி எல்லைக்குள் இருந்தால் ஏறும் வீட்டு விலை. எங்களை உள்ளே எடுத்ததும் அந்தப் பள்ளியில் இடம் போதவில்லை. ஈடுகட்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் 31 பிள்ளைகளை வெளியே தள்ளினோம். அந்தப் பெற்றோர் ஒருவர்கூடக் கூட்டத்துக்கு வரவில்லை, பெரும்பாலும் இரவு வேலை. இன்று அதே சாலையைக் கடப்பது அந்தப் பிள்ளைகள். காலையில் சிக்னலில் நிற்கும்போது பார்க்கிறேன்.

கோட்டை நகர்த்தச் சொல்வதானால், நகர்ந்தால் யார் வெளியே போகிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

பழைய டீச்சர்:

மூடிய பள்ளியின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளியில் இருந்தேன். புத்தகப் பெட்டிகள் பெயர் எழுதாமல் வந்து இறங்கின, பாதியைப் பிரிக்கவே டிசம்பர் ஆகிவிட்டது. அவர்கள் வென்ற கோப்பைகள் மேடைக்குப் பின்னால் கிடந்தன. "புதுப் பிள்ளைகள்" என்ற பெயர் மார்ச் வரை ஒட்டிக்கொண்டிருந்தது, நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஒரு பையன் "நாங்க புதுசு இல்ல டீச்சர், எங்க ஸ்கூல் உங்க ஸ்கூலைவிடப் பழசு" என்றான். அதன் பிறகுதான் நிறுத்தினேன்.

சிகாகோ பிள்ளைகளைப் பற்றி 2018ல் வந்த ஆய்வில் படிப்பு சறுக்கியது மூடப்போவதாக அறிவித்த அந்த வருடத்திலேயே தெரிந்தது. அதாவது உங்களுக்கு அது இந்த வருடம். கூட்டம், கையெழுத்து எல்லாம் சரி, வீட்டில் பிள்ளைகள் காதுபட என்ன பேசுகிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு பிள்ளை அம்மா:

பட்டியல் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன், இன்று வந்தது. கோடு போட்டவன் சார் சொன்னது அப்படியே. சிறப்புக் கல்வி அறைகள் இரண்டு, பேச்சுப் பயிற்சி அறை ஒன்று, மூன்றையும் முழு வகுப்பறையாக எண்ணியிருக்கிறார்கள். கழித்துப் பார்த்தாலும் பயன்பாடு 70 சதவீதத்தைத் தொடவில்லை. மூடாமல் விடுவார்கள் என்று தோன்றவில்லை. மகளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கோடு போட்டவன்:

அப்படியானால் இரண்டு நிமிடத்தில் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஐந்தாவது போகிற பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரே பள்ளிக்குப் போகட்டும், கோடு எங்கே விழுந்தாலும். ஒரு வருடத்துக்கு மட்டும் என்பதால், முடிவெடுக்கும் பள்ளி வாரியம் இறங்கிவரலாம். பேருந்து உண்டா என்றும் அதே மூச்சில் கேளுங்கள். சலுகை கொடுத்துவிட்டுப் பேருந்தை மறுத்தால் கார் இல்லாத வீட்டுக்கு அது சலுகையே இல்லை. எதிர்வீட்டு அம்மாவையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள், அடுத்தடுத்துப் பெயர் கொடுத்தால் நான்கு நிமிடம் கிடைக்கும்.

ரெண்டு பிள்ளை அம்மா:

அவர்கள் வாட்ஸ்அப்பில் எதிர்க்கட்சி சார். சரி, இன்று சாயங்காலம் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கிறேன்.