காது மெஷினில் ப்ளூடூத் பாட்டு "ஹெட்ஃபோனுக்குச் சமம்" என்றவர் இங்கே வரவும்

தொப்பிச்சத்தம்:
பேட்டரி பற்றிய திரியில் நேரலைநாதன் போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறார்: "இப்போது வரும் காது மெஷின்களில் ப்ளூடூத் இசை நல்ல ஹெட்ஃபோனுக்குச் சமம். உங்களுக்கு அப்படிக் கேட்கவில்லை என்றால் செட்டிங் தெரியவில்லை என்று அர்த்தம்." அங்கேயே பதில் சொன்னால் திரி திசைமாறுகிறது என்று மாடரேட்டர் கோபித்துக்கொள்வார். அதனால் தனியாகத் திறக்கிறேன்.

ஐயா, ஆண்ட்ராய்டு ஃபோனிலிருந்து காது மெஷினுக்கு நேராகப் பாட்டு அனுப்ப கூகுள் 2018இல் அறிவித்தது ஆஷா முறை. அதில் ஓடுவது ஜி.722 கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை. சாம்ப்ளிங், அதாவது ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது, 16 கிலோஹெர்ட்ஸ். அதில் பாதிதான் மேல் எல்லை. ஆக, 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் வராது. ஜால்ராவின் சிலுசிலுப்பு எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். எந்த செட்டிங்கைத் தட்டி அதை உள்ளே கூப்பிட்டீர்கள்?

நேரலைநாதன்:
கூப்பிட்டதற்கு நன்றி. எல்லோரும் இன்னும் ஆஷாவிலேயே இருக்கிறார்கள் என்று யார் சொன்னது? என்னுடையது எல்ஈ ஆடியோ, ப்ளூடூத்தின் புதிய ஒலி முறை. 2020 ஜனவரியில் அறிவித்தார்கள், செய்தி உங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. அதன் கோடெக் எல்சி3. 48 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங் வரை போகும். உங்கள் 8ஐ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தொப்பிச்சத்தம்:
கோடெக் போகும் ஐயா. மெஷின் போகிறதா? எல்ஈ ஆடியோவில் காது மெஷின் கட்டாயம் ஏற்க வேண்டியது 16, 24 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங்தான். 48 கட்டாயமில்லை. உங்கள் மெஷினும் ஃபோனும் இப்போது எதில் பேசிக்கொள்கின்றன என்று பார்த்தீர்களா? பார்க்காமல் 48 என்று எழுதுவது பெட்டியின் மேல் ஒட்டிய காகிதத்தைப் படிப்பது. 8க்கு மேல் வருகிறதா, அதைச் சொல்லுங்கள்.

மோல்டுமணி:
மெஷினுக்கு டோமும், காதின் அச்சு எடுத்துச் செய்யும் மோல்டும் பொருத்துவதுதான் என் தொழில், அதனால் நடுவில் வருகிறேன். இருவரும் மாடியைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள், அஸ்திவாரத்தைக் காணோம்.

காதுக்குள் போகிற ரப்பர் டோமில் சுற்றிலும் ஓட்டை இருந்தால் அது ஓப்பன் டோம். சுமார் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதில் பெரும்பகுதி அந்த ஓட்டை வழியாக வெளியே போய்விடும். நேரில் பேசுவதைக் கேட்கும்போது இந்த இழப்பு தெரியாது, ஏனென்றால் அதே ஓட்டை வழியாக வெளிச்சத்தம் தானாக உள்ளே வந்துவிடுகிறது. ஃபோனிலிருந்து பாட்டு ஓட்டும்போது வெளியே ஏது சத்தம்? போனது போனதுதான். "பாட்டு தகரமாகக் கேட்கிறது" என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் காரணம். கோடெக்கைத் திட்டிப் பயனில்லை.

தொப்பிச்சத்தம்:
டோம் பற்றி யார் கேட்டது? 8க்கு மேல் வருமா, வராதா?

மோல்டுமணி:
பெயரில் மிருதங்கத்தின் கனத்த இடப்பக்கமான தொப்பியை வைத்துக்கொண்டு, கூர்மையான வலப்பக்கமான வலந்தலைக்காகச் சண்டை போடுகிற முதல் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். ஓப்பன் டோமில் பாட்டு ஓட்டினால் தொப்பிப் பக்கம் பெரும்பாலும் போய்விடும். உங்களுக்கு அது குறையாகவே தெரியவில்லையா?

தொப்பிச்சத்தம்:
என் பெயரை இழுக்க வேண்டாம். நான் போட்டிருப்பது மோல்டு. எனக்குத் தொப்பி கேட்கிறது. கேட்காதது ஜால்ரா. காரணம் 8.

கம்பிராகம்:
இத்தனை தலைவலி எதற்கு? மெஷினைக் கழற்றாமல் மேலேயே காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்ஃபோனை மாட்டுங்கள், கம்பி போட்டது. ப்ளூடூத்தும் வேண்டாம், கோடெக்கும் வேண்டாம். மெஷினின் மைக் காதுக்குப் பின்னால் இருப்பதால் கப் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அல்லது மெஷினுக்குள் காந்த அலையைப் பிடிக்கும் சுருளான டி-காயிலை ஆன் செய்து, அதற்குப் பாட்டை அனுப்பும் கம்பி வளையமான லூப்பைக் கழுத்தில் போடுங்கள். பழைய சரக்குதான், ஆனால் நம்பலாம்.

நேரலைநாதன்:
டி-காயிலில் இசையா! இங்கே 8 போதாது என்று ஒருவர் உயிரை விடுகிறார். லூப்புக்கான தரவரையறை பேசுவதே 100 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான். பக்கத்தில் மின்கம்பி ஓடினால் "ம்ம்ம்" என்று ஒரு சுருதி இலவசம்.

கம்பிராகம்:
அந்தச் சுருதியாவது நிலையாக நிற்கும். உங்கள் ப்ளூடூத் ஃபோனைப் பாக்கெட்டில் போட்டதும் அறுந்துபோகும்.

புதியவள்:
வணக்கம், ஒரு சின்ன சந்தேகம். லேப்டாப்பில் பாட்டு நன்றாகத்தான் ஓடுகிறது. ஏதாவது மீட்டிங்கில் சேர்ந்ததும் எல்லாம் பழைய டெலிஃபோன் குரல் மாதிரி ஆகிவிடுகிறது. முடிந்த பிறகும் சில சமயம் அப்படியே நிற்கிறது. மெஷின் பழுதா?

மோல்டுமணி:
பழுது இல்லை அம்மா. மைக் திறந்தவுடன் ப்ளூடூத், இசை முறையை விட்டு ஃபோன் பேச்சு முறைக்குத் தாவிவிடும். அதில் அலைவரிசை மிகவும் குறுகல். லேப்டாப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், மெஷினை வெறும் ஒலிவெளியீடாக மட்டும் வையுங்கள். சரியாகிவிடும்.

தொப்பிச்சத்தம்:
பாருங்கள், இந்த அம்மாவுக்கே தெரிகிறது அலைவரிசை குறைந்தால் இசை சாகும் என்று. நான் முதல் பதிவிலிருந்து சொல்வதும் அதுதான். 8.

நேரலைநாதன்:
அவர் கேட்டது வேறு, நீங்கள் பிடித்துக்கொண்டது வேறு. ஈரத்தை உறிஞ்சும் டப்பா பற்றிய திரியிலும் இதையேதான் செய்தீர்கள். யார் எதைக் கேட்டாலும் சிலிக்கா ஜெல். இப்போது எதைக் கேட்டாலும் 8.

பியானோவின் கடைசிக் கட்டையே 4186 ஹெர்ட்ஸ்தான். எந்தப் பாடகர் 8000த்தில் பாடுகிறார்?

தொப்பிச்சத்தம்:
சிலிக்கா ஜெல் விஷயத்தில் நான் சொன்னது சரி, அந்தத் திரி இன்னும் அப்படியே இருக்கிறது, போய்ப் படிக்கலாம்.

4186 என்பது அடிப்படைச் சுரம். அதன் இரண்டாவது ஹார்மோனிக்கே, அதாவது அதோடு சேர்ந்து ஒலிக்கும் இருமடங்கு ஒலியே, 8372. அதற்கு மேலும் இருக்கிறது. ஒரு கருவியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில் ஹார்மோனிக்குகளுக்குப் பெரிய பங்கு. அதை வெட்டிவிட்டு "ஹெட்ஃபோனுக்குச் சமம்" என்றால் நான் சிரிக்காமல் என்ன செய்வது?

மோல்டுமணி:
"நல்ல ஒலி" என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் ஒத்துக்கொண்டால் நல்லது. ஒருவர் அலைவரிசை அகலம் என்கிறார், ஒருவர் கேட்டால் சுகம் என்கிறார்.

அது இருக்கட்டும். மெஷினின் வழக்கமான புரோகிராம் பேச்சுக்காக ஆனது. மெல்லிய சத்தத்தைத் தூக்கும், பெரிய சத்தத்தை அமுக்கும். பதிவான பாட்டு ஏற்கனவே ஸ்டுடியோவில் அமுக்கப்பட்டது, அதை இன்னொரு முறை அமுக்கினால் உயிர் எங்கே இருக்கும்? சத்தத்தைச் சுருதி இறக்கி அனுப்பும் வசதி ஆனில் இருந்தால் மேல் ஹார்மோனிக்குகள் இடம் மாறி அபசுரமாகும். ஸ்ட்ரீமிங்கோடு மெஷினின் மைக்கும் திறந்திருந்தால் விசில் தடுப்பான், அறைக்குள் ஒலிக்கும் புல்லாங்குழலின் நீண்ட கார்வையை விசில் என்று நினைத்து நடுங்க வைக்கும். தம்புராவை இரைச்சல் என்று குறைக்கிற மெஷினும் உண்டு. இசைக்கென்று தனி புரோகிராம் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், இதையெல்லாம் அதில் அணைக்கலாம், தணிக்கலாம்.

நேரலைநாதன்:
நான் சொன்ன "செட்டிங்" இதுதான். இப்போது நிபுணரே சொல்லிவிட்டார்.

மோல்டுமணி:
நான் உங்கள் பக்கம் பேசவில்லை. உங்கள் டோம் ஓப்பனா, க்ளோஸ்டா?

நேரலைநாதன்:
ஓப்பன். க்ளோஸ்டு போட்டால் என் குரலே பானைக்குள்ளிருந்து வருகிறது.

மோல்டுமணி:
அப்படியென்றால் உங்கள் "நல்ல ஹெட்ஃபோனில்" பேஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, கிடையாது. வாழ்த்துகள்.

தொப்பிச்சத்தம்:
பேஸும் கிடையாது, 8க்கு மேலும் கிடையாது. நடுவில் மட்டும் இருப்பதற்குப் பெயர் ரேடியோ.

நாதன், ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். 9 கிலோஹெர்ட்ஸ் தனி ஒலியை ஃபோனில் ஓட்டி மெஷினில் கேளுங்கள். கேட்டதா, இல்லையா? ஒரு வார்த்தையில் எழுதுங்கள்.

நேரலைநாதன்:
என் ஆடியோகிராமில், அதாவது காது சோதனை வரைபடத்தில், 6000 ஹெர்ட்ஸிலேயே 80 டெசிபல் இழப்பு. சோதனையே பொதுவாக 8000 ஹெர்ட்ஸோடு முடிகிறது. அதற்கு மேல் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

தொப்பிச்சத்தம்:
அப்போ "சமம்" என்று எழுதியது யார்?

நேரலைநாதன்:
என் காதுக்குச் சமம் என்றேன்.

தொப்பிச்சத்தம்:
"என் காதுக்கு" என்ற சொல் அந்தப் பதிவில் இல்லை. "உங்களுக்கு செட்டிங் தெரியவில்லை" என்பது மட்டும் இருக்கிறது. படம் எடுத்து வைத்திருக்கிறேன், திருத்தினாலும் போடுவேன்.

கம்பிராகம்:
கம்பி போட்ட ஹெட்ஃபோன் யாராவது மாட்டிப் பார்த்தீர்களா?

நேரலைநாதன்:
மாட்டினேன். கப்பை அழுத்தினால் மெஷின் விசிலடிக்கிறது. மைக் வழியாகப் போவதால் அதே இரைச்சல் குறைப்பு அங்கேயும் வேலை செய்கிறது. இதற்கு நீங்கள் விளம்பரம் வேறு.

கம்பிராகம்:
ஓப்பன் டோம் போட்டால் விசிலடிக்காமல் என்ன செய்யும்?

மோல்டுமணி:
கடைசியில் டோமுக்கு வந்துவிட்டீர்கள்.

தொப்பிச்சத்தம்:
யாரும் டோமுக்கு வரவில்லை. 9 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு இன்னும் பதில் வரவில்லை. காதில் கேட்காவிட்டால் வீட்டில் காது நன்றாக உள்ள ஒருவரிடம் மெஷினைக் கொடுத்து, சத்தத்தை நன்றாகக் குறைத்து, கேட்கச் சொல்லுங்கள். நான் இங்கேயேதான் இருக்கிறேன்.

நேரலைநாதன்:
என் மெஷினை நான் யார் காதிலும் வைப்பதாக இல்லை. உங்கள் சோதனையை உங்கள் மெஷினில் செய்து, உங்கள் திரியில் போட்டுக்கொள்ளுங்கள்.

தொப்பிச்சத்தம்:
இதுதான் என் திரி.