வீட்டுச் சாமானை ஒதுக்கி அடுக்க ஒரு வழி சொல்லுங்கோ

வணக்கம் அக்காமார், அண்ணாமார். நான் கிளிநொச்சிப் பக்கம். எனக்கு ஏடிஎச்டி (கவனம் ஒரு இடத்தில நிக்காத நிலை) எண்டு போன வருசம்தான் டொக்டர் சொன்னவர். அதுவரைக்கும் "சோம்பேறி" எண்டுதான் பேர்.

இந்திய வீட்டுத்திட்ட வீடு, 550 சதுர அடி. அதுக்குள்ள ரெண்டு பிள்ளையள், அம்மா, தையல் மெசின். அலுமாரியை ஒதுக்கத் தொடங்குவன். உள்ளுக்கை பழைய கொப்பி ஒண்டு ஆப்பிடும், வாசிச்சுக்கொண்டு இருந்திடுவன். பின்னேரம் பார்த்தால் உடுப்பெல்லாம் கட்டிலில, சோறும் அடிப்பிடிச்சிருக்கும். பெட்டிக்குள்ள மூடி வைச்சால் அந்தச் சாமான் இருக்கிறதே மறந்துபோகும். அதால கறண்ட் பில்லைச் சுவரில ஒட்டிறன், பருப்பைக் கண்ணாடிப் போத்தலில போடுறன். அது மட்டும் சரிவருது. ஆரும் பக்கத்தில சும்மா இருந்தாலும் வேலை ஓடுது.

பெரிய சிக்கல் அம்மா. 2009இல முகாமில தந்த தறப்பாள், ஓட்டை வாளி, ஒண்டையும் எறிய விடமாட்டா. "திரும்ப ஓட வேண்டி வந்தால்?" எண்டு கேட்பா. அதுக்கு என்னட்டைப் பதில் இல்லை.

என்னைப்போல ஆக்கள் எங்கயிருந்து தொடங்கினனீங்கள்? அம்மான்ர மனம் நோகாமல் எதைக் கழிக்கலாம்? சந்தையில வாங்கக்கூடிய சாமானாச் சொல்லுங்கோ. பந்தி பந்தியா எழுதாதேங்கோ, வாசிச்சு முடிக்கமாட்டன்.