கொள்ளை நாவலை நான்கு நாளில் முடிக்கிறேன், செவ்வியல் நாவலுக்கு நாற்பது நாள் ஆகிறது: குறை எங்கே இருக்கிறது?

சென்னிமலை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நூற்பாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்குப் பேருந்தில் போய்வரும் நேரம்தான் படிப்பு நேரம். கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகன் சென்ற ஆண்டு தன் மின்னூல் கருவியைக் கையில் கொடுத்து, ஒன்றையாவது படித்துப் பாருங்கள் சித்தி என்று மூன்று ஆங்கில நாவல்களைக் காட்டினான். மூன்றும் மிகுபுனைவு உலகத்தில் நடக்கும் கொள்ளைக் கதைகள். ஸ்காட் லிஞ்ச் 2006இல் எழுதிய 'தி லைஸ் ஆஃப் லாக் லமோரா', அதே ஆண்டு வந்த பிராண்டன் சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' வரிசையின் முதல் நூல், லீ பார்டுகோ 2015இல் எழுதிய 'சிக்ஸ் ஆஃப் குரோஸ்'. ஒவ்வொன்றும் நான்கு நாளுக்கு மேல் தாங்கவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், வெயிலில் நடந்து திரும்பிய நாளும் உண்டு. மூன்றாவது நாவலில் இனெஜ் என்ற பெண் சிறைக்குள் இருக்கும் எரிகலனின் புகைபோக்கி வழியாக மேலே ஏறுகிறாள். அடியில் சூடு ஏற ஏற அவள் காலணியின் ரப்பர் அடிப்பாகம் உருகிச் சுவரில் வழுக்குகிறது. அந்தப் பக்கத்தைப் படித்து முடித்தபோது முன்னிருக்கைக் கம்பியை என் கை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது.

அந்தச் சூட்டோடு, பல வருடங்களாகத் தள்ளிப்போட்டிருந்த தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலைத் தமிழில் எடுத்தேன். நாற்பது நாள் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை மூடியும் வைத்தேன். ஆறு பாகங்கள் கொண்ட நாவலில் முதல் பாகம் முடிவதற்குள்ளேயே கொலையும் திருட்டும் நடந்து முடிந்துவிடுகின்றன. இனி என்ன இருக்கிறது என்ற சலிப்போடுதான் இரண்டாம் பாகத்துக்குள் நுழைந்தேன். அங்கே கொலை செய்த நாயகன் ரஸ்கோல்நிகோவ் தான் எடுத்துவந்த பணப்பையைத் திறந்துகூடப் பார்க்காமல், ஒரு முற்றத்தில் கிடக்கும் பெரிய கல்லுக்கடியில் நகைகளோடு சேர்த்துப் புதைத்துவிட்டுப் போகிறான். அதில் இருந்தது 317 ரூபிள் 60 கோபெக் என்பது முடிவுரையில் வழக்கு நடக்கும்போதுதான் நமக்கே தெரியவருகிறது, அதற்குள் மேலே இருந்த நோட்டுகள் ஈரத்தில் கெட்டுப்போயிருக்கின்றன. நாள் முழுவதும் வரவு செலவு பார்க்கும் எனக்கு, இரண்டு உயிர்களைப் பறித்து எடுத்த தொகையை எடுத்தவன் ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை என்ற அந்த ஒரு செய்தி தாங்க முடியாததாக இருந்தது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அந்த மூன்று நாவல்களிலும் யார் யாரை எந்த வாசல் வழியாக ஏமாற்றினார்கள் என்பது எனக்கு ஏற்கெனவே மங்கிவிட்டது. அந்தக் கல் மட்டும் மங்கவில்லை. ஆனால் அடுத்து என்ன படிக்கலாம் என்று கை நீளும்போது அது கொள்ளைக் கதைப் பக்கம்தான் போகிறது. இது என் வாசிப்பின் குறையா, அந்த நூல்களின் குறையா? இரண்டு சுவையும் ஒன்றாகக் கிடைக்கும் புத்தகம் ஏதாவது தமிழில் இருக்கிறதா?

நொய்யல்கரை எழுதியது:

அம்மணி, குறை உங்களிடத்திலும் இல்லை, நூல்களிடத்திலும் இல்லை. முப்பது ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான், என் பேத்தியின் தயவால் நீங்கள் சொன்ன முதல் நாவலைப் படித்தும் இருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்குச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை எடுத்துப் பாருங்கள் என்பது என் பதில்.

கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் தோற்றத்தில் திருடனுக்குரிய அடையாளம் எதுவும் இல்லையே என்று தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் அவர்களுக்குத் திருட்டு நூலைப் பாடமாகவே நடத்தத் தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி ஆகிய எட்டும் கள்வனுக்குத் துணை என்கிறான். ஒவ்வொன்றாக விளக்கிய பின் ஒரு கதையும் சொல்கிறான். ஒரு கள்வன் பகலில் தூதன் வேடத்தில் அரண்மனை வாயிலில் இருக்கிறான், இரவில் பெண் வேடத்தில் உள்ளே நுழைகிறான், விளக்கின் நிழலிலேயே நடந்து சென்று, உறங்கும் இளவரசனின் ஆரத்தைக் கழற்றிவிடுகிறான். விழித்துக்கொண்ட இளவரசன் வாளை உருவி வீச, வீச்சு ஒவ்வொன்றையும் கள்வன் வெறும் உறைக்குள் வாங்கிச் செருகிவிடுகிறான். மற்போருக்கு இளவரசன் கை நீட்டியதும் ஒரு மணித்தூணைத் தானாகக் காட்டிவிட்டு இருட்டில் மறைந்துபோகிறான். பதினைந்து வரிக்குள் வேடம், நுழைவு, களவு, சண்டை, தப்பித்தல் எல்லாம் முடிந்துவிடுகின்றன. நீங்கள் படித்த ஐந்நூறு பக்க நாவல்களின் எலும்புக்கூடு இது அல்லவா? மந்திரம் எட்டில் ஒன்றாக மட்டுமே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மந்திரம் ஒன்றே எல்லாப் பூட்டையும் திறந்துவிடுமானால் மற்ற ஏழுக்கும் வேலை இல்லை, கதைக்கும் வேலை இல்லை. சாண்டர்சனின் உலகில் உலோகத்தை விழுங்கினால்தான் ஆற்றல், விழுங்கியது எரிந்து தீர்ந்தால் ஆற்றலும் தீர்ந்தது என்று என் பேத்தி சொன்னபோது எனக்கு இந்த எட்டுதான் நினைவுக்கு வந்தது.

இதைவிடப் பெரிய ஒற்றுமை ஒன்று உண்டு. லாக் லமோரா ஒரு பிரபுவை ஏமாற்றிப் பணம் கறக்கிறான். பிறகு அவனே இரகசியக் காவலர் வேடத்தில் அதே பிரபுவிடம் சென்று, உம்மை ஒருவன் ஏமாற்றிக்கொண்டிருக்கிறான், அவனைப் பிடிக்கும்வரை கேட்ட பணத்தைக் கொடுத்துக்கொண்டே இரும் என்கிறான். பிரபுவும் நம்புகிறார். இதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த மறுகணம் மனம் துணுக்குற்றது, ஏனெனில் பொற்கொல்லன் செய்ததும் இதே வேலைதான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன். அவனே திருட்டைப் பற்றி விளக்கும் அறிஞனாகக் காவலர் முன் நிற்கிறான். அங்கே சிரிக்க முடிந்தது, இங்கே முடியவில்லை. சோழநாட்டிலிருந்து நடந்துவந்து மாதரி வீட்டில் காத்திருக்கும் கண்ணகியை நமக்குத் தெரியும் என்பதே காரணம். ஏமாந்தவனுடைய வீட்டுக்குள்ளும் வாசகரை அழைத்துப் போவது செவ்வியல் நூலின் வழக்கம், கொள்ளை நாவல் பெரும்பாலும் வாசலோடு திரும்பிவிடும். மாணவர்கள் ஆண்டுதோறும் தூங்காமல் கேட்ட பாடம் இந்தக் காதை ஒன்றுதான் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சோமனூர்த் தறிக்காரன் எழுதியது:

வாத்தியாரய்யா சொன்னதில் முக்கால் பங்கை ஒப்புக்கொள்கிறேன். வாசலோடு திரும்பிவிடும் என்ற கடைசித் தீர்ப்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அக்கா, நீங்கள் பேருந்தில் படிக்கிறீர்கள், நான் விசைத்தறி ஓடும்போது, நாடாவில் இருக்கும் தார் (ஊடைநூல் சுற்றிய குச்சி) தீர்ந்து தறி நிற்பதற்குள் ஒரு பக்கம் என்ற கணக்கில் படிக்கிறவன். அப்படிப் படித்தும் 'சிக்ஸ் ஆஃப் குரோஸ்' நாவலில் எனக்கு நின்றது கொள்ளை அல்ல, கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் காஸ் பிரெக்கரின் கையுறை. (இனி எழுதுவது கதையை உடைக்கும், படிக்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடலாம்.) கொள்ளைநோயில் இறந்த அண்ணனின் உடலைப் பிடித்துக்கொண்டு நீரில் மிதந்து கரை சேர்ந்த சிறுவன் அவன். அதன்பின் எந்த மனிதரின் தோல் பட்டாலும் அவனுக்கு உடல் நடுங்குகிறது, அதனால்தான் கையுறை. தான் விரும்பும் பெண்ணின் கையைக்கூட வெறுங்கையால் தொட முடியாத ஒருவன் நகரத்துப் பூட்டுகளையெல்லாம் திறக்கிறான். அந்தக் கையுறைக்கும் உங்கள் கல்லுக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நான்கு நாளில் ஓடிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செவ்வியல் நூல் என்றாலே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து படிக்க வேண்டியது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. 'குற்றமும் தண்டனையும்' 1866இல் ஒரு ரஷ்யப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. அலெக்ஸாந்தர் துமாவின் 'மாண்ட்டி கிறிஸ்டோ' 1844 முதல் 1846 வரை பாரிஸ் நாளிதழில் வந்தது. இறந்துபோன கிழவரின் பிணச்சாக்குக்குள் தன்னைத் தானே வைத்துத் தைத்துக்கொண்டு சிறையிலிருந்து தப்ப நினைக்கிறான் அதன் நாயகன். புதைப்பார்கள் என்று அவன் எதிர்பார்க்க, காலில் பீரங்கிக் குண்டைக் கட்டிக் கடலில் வீசிவிடுகிறார்கள். இதைவிட விறுவிறுப்பான இடம் இன்றைய எந்த நாவலில் இருக்கிறது? நம் 'பொன்னியின் செல்வ'னும் வாரப் பத்திரிகைத் தொடர்தானே. பழுவேட்டரையரின் நிலவறைப் பொக்கிஷத்துக்குள் வந்தியத்தேவன் மாட்டிக்கொண்ட வாரத்தில், அடுத்த இதழுக்காக எங்கள் அப்புச்சி கடைவாசலிலேயே நின்றிருந்ததாகச் சொல்வார்.

மங்கிவிட்டது என்கிறீர்களே, அதற்கு மருந்து இரண்டாம் வாசிப்புதான். அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடும்போது பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழப்போவது மடியில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம், அழுகிறோம். முடிவு தெரிந்த பிறகும் உட்கார வைக்கிறதா என்று கொள்ளை நாவலையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். என்னிடம் லாக் லமோரா தேறியது, 'மிஸ்ட்பார்ன்' தேறவில்லை.

விஜயமங்கலத்தான் எழுதியது:

இரண்டும் சேர்ந்த நூல் தமிழில் உண்டா என்ற கேள்விக்கு எங்கள் ஊர்க்காரன் என்ற உரிமையோடு பதில் சொல்கிறேன். கொங்குவேளிர் எழுதிய பெருங்கதை இருக்கிறது. குணாட்டியரின் பிருகத்கதை மரபில் வந்த உதயணன் கதையைச் சொல்லும் இந்நூலின் ஆசிரியர் விஜயமங்கலத்துக்காரர் என்பது வழிவழியாக வரும் செய்தி. நூலின் முதலும் இறுதியும் கிடைக்கவில்லை. கிடைத்ததை உ.வே.சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தார்.

உதயணன் கதையின் தொடக்கமே ஓர் எந்திர யானைதான். வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்து வைத்த அந்த யானையைக் காட்டில் உலவவிட்டு, யாழிசையால் யானைகளை அடக்கும் உதயணனை உஞ்சை (உஜ்ஜயினி) மன்னன் பிடித்துவிடுகிறான். அவனை மீட்க அவனுடைய அமைச்சன் யூகி தான் இறந்துவிட்டதாகச் செய்தி பரப்பிவிட்டு, மாறுவேடத்தில் உஞ்சைக்குள் நுழைந்து, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆளாகக் கூட்டம் சேர்க்கிறான். நகரமே நீராட்டு விழாவில் இருக்கும் நாளில் ஊருக்குத் தீ வைக்கப்படுகிறது. அந்தக் கலவரத்தில் இளவரசி வாசவதத்தையைப் பத்திராபதி என்ற பிடியின், அதாவது பெண்யானையின் மேல் ஏற்றிக்கொண்டு உதயணன் தப்பிக்கிறான். 'ஊர் தீயிட்டது', 'பிடியேற்றியது' என்று பகுதித் தலைப்புகளே திட்டத்தின் படிகள் போல வரிசையாக வருகின்றன. சில பகுதிகள் கழித்து வரும் தலைப்பு 'பிடி வீழ்ந்தது'. அத்தனை தொலைவு சுமந்து ஓடிய யானை கீழே விழுந்து உயிரை விடுகிறது. தப்பித்ததற்கான விலையைக் கவி அங்கேயே எழுதிவிட்டார்.

வாத்தியாரய்யாவும் தறிக்காரரும் பேசியதோடு இதைச் சேர்த்து யோசித்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. கொள்ளை நாவலில் திட்டம் வாசகருக்கு மறைக்கப்படுகிறது. முன்கூட்டியே முழுத் திட்டத்தையும் நமக்குச் சொல்லிவிட்டார்கள் என்றால் அது சொதப்பப் போகிறது என்று பொருள், சொல்லாமல் மறைத்தால் அது வெற்றி பெறப்போகிறது. காஸின் மனத்துக்குள்ளேயே நாம் உட்கார்ந்திருந்தும் அவன் திட்டம் நமக்குத் தெரிவதில்லை, இது ஒருவகைக் கள்ளாட்டம் என்றே நான் நினைக்கிறேன். பெருங்கதையின் இலாவாண காண்டத்தில் இது தலைகீழாகிறது. பெண்மயக்கத்தில் நாட்டை மறந்த உதயணனை வழிக்குக் கொண்டுவர, யூகி அரண்மனைக்குத் தீ வைத்து, வாசவதத்தை எரிந்துபோனாள் என்று அவனையே நம்ப வைக்கிறான். அவளுக்கும் இது தெரியும், நமக்கும் தெரியும், உதயணனுக்கு மட்டும் தெரியாது. அவன் அழுது புலம்பும் பாடல்களை, அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற அறிவோடு நாம் படிக்க வேண்டியிருக்கிறது. பொற்கொல்லன் திருடன் என்று நமக்குத் தெரிந்து பாண்டியனுக்குத் தெரியாமல் போனதும் இதே நிலைதான். திட்டம் நமக்குத் தெரியாதபோது பக்கத்தைப் புரட்டுகிறோம். நமக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாதபோது புரட்டவே கை வருவதில்லை. உங்கள் நாற்பது நாளில் பாதி இதற்குப் போயிருக்கும்.

ஓர் எச்சரிக்கை: மூல நூல் கடினமானது. உரையோடு கூடிய பதிப்பை எடுத்து உஞ்சைக் காண்டத்திலிருந்து தொடங்குங்கள், முதல் பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னிமலை வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கொலைக்களக் காதையை நேற்று மாலைப் பேருந்தில் உரையோடு படித்தேன். பொற்கொல்லன் எட்டையும் அடுக்கிக்கொண்டு போகும்போது, ஐயா சொன்னதுபோல, எனக்கும் முதலில் சுவாரசியமாகத்தான் இருந்தது. அந்தச் சுவாரசியத்தில் கோவலன் பக்கத்திலேயே நிற்கிறான் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்தே போனேன், காவலர்களும் அப்படித்தான் மறந்திருப்பார்கள். வெள்ளோடு நிறுத்தம் வந்ததுகூடத் தெரியவில்லை.

தறிக்கார அண்ணா, கையுறையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்தப் பகுதியை நான் வேகமாகப் புரட்டியிருக்கிறேன், அடுத்து எந்தக் கதவு திறக்கும் என்ற அவசரம். திரும்ப எடுக்கிறேன். ஆனால் கள்ளாட்டம் என்று விஜயமங்கலத்து நண்பர் சொன்னதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லையே.

சோமனூர்த் தறிக்காரன் எழுதியது:

கள்ளாட்டம்தான், மறுக்கவில்லை. ரஸ்கோல்நிகோவின் பணப்பையில் எவ்வளவு இருந்தது என்பதை முடிவுரை வரை தஸ்தயேவ்ஸ்கியும்தான் நமக்குச் சொல்லவில்லை. தறி நின்றுவிட்டது, தார் மாற்றிவிட்டு வருகிறேன்.