ஐசியூ நைட் டியூட்டியில விட்டுப்போற வேலைகளை எப்படித் தடுக்கிறது?

பாளை சிஸ்டர்:
தனியார் ஆஸ்பத்திரி ஒண்ணுல ஐசியூ ஷிப்ட் இன்சார்ஜா இருக்கேன். நைட்ல ஒரு சிஸ்டருக்கு மூணு பெட், அதுல ரெண்டு வென்டிலேட்டர். மருந்து, ஏபிஜிங்கிற ரத்த டெஸ்ட், சளி உறிஞ்சுற சக்ஷன் எதுவும் தவறல. ரெண்டு மணிக்கொருக்கா திருப்பிப் படுக்க வைக்கிறதும் வாய் சுத்தம் பண்ணுறதும்தான் தள்ளிப்போகுது. புது அட்மிஷன் வந்தா அன்னைக்கு அது நடக்கவே நடக்காது. மேல இருந்து மெமோ வந்தப்புறம் சார்ட்ல டிக் மட்டும் ஒழுங்கா விழுது. ஆள் கேட்டாச்சு, இப்போதைக்கு இல்லன்னுட்டாவ. இருக்கவங்கள வச்சு என்ன செய்யலாம்?

அம்பை அக்கா:
தங்கச்சி, நான் ஐசியூல இருந்து ரிட்டயர் ஆனவ. மருந்து லேட்டானா டாக்டர் கேப்பாரு, பிரஷர் இறங்குனா மானிட்டர் கத்தும். ஒரே பக்கம் படுத்து குதிகால் அழுந்திப் புண்ணாகுறதுக்கு அலாரம் கிடையாது. அத ஒருத்தி ஞாபகத்த நம்பி விடாத.

10, 12, 2, 4, 6 மணின்னு குறிச்சு, ரெண்டு பேரு சேந்து முதல் பெட்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே நடையா போவோம். யார் பெட்டுங்கிற பேச்சே வராது. ஒருத்தி டியூபப் பிடிக்க, ஒருத்தி 30 டிகிரி சரிச்சு முதுகுக்குத் தலையணை வைக்கணும். கெண்டைக்காலுக்கு அடியில ஒண்ணு வச்சா குதிகால் மெத்தையில படாது. அந்தக் கையோட வாயத் துடைச்சு, தலைமாட்ட 30 டிகிரிக்குக் குறையாம ஏத்திட்டு அடுத்த பெட்டுக்குப் போ.

இடுப்ப எல்லாரும் பாப்பாவ. ஆக்சிஜன் டியூப் அழுத்துற காதுப் பின்பக்கம், மூச்சுக்குழாய்க்குள்ள போற ஈடி டியூப் கட்டுன வாயோரம், காத்த அழுத்தி அனுப்புற பைபாப் மாஸ்க் உக்காந்த மூக்குத்தண்டு, இங்கெல்லாம் டார்ச் அடிச்சுப் பாரு. அழுத்தி எடுத்தும் வெளுக்காத சிவப்புன்னா புண்ணு ஆரம்பிச்சாச்சு. நம்மாளுக கறுப்புத் தோலுல சிவப்பு லேசுல தெரியாது. தொட்டுப் பாத்தா சூடாவோ கட்டியாவோ இருக்கும்.

மெமோவ மொதல்ல நிறுத்தச் சொல்லு. பயந்தவ உண்மைய எழுத மாட்டா. ஹேண்ட் ஓவர்ல எது விட்டுச்சு, ஏன்னு எழுதட்டும்: ஆள் இல்லையா, பொருள் இல்லையா, தகவல் வந்து சேரலையா. பீட்ரிஸ் காலிஷ்னு ஒரு அமெரிக்க நர்சிங் பேராசிரியர் 2006ல இப்படி விட்டுப்போற வேலைகளப் பத்தி எழுதுனாவ. அப்புறம் வந்த அவங்க சர்வேயும் காரணத்த இப்படித்தான் பிரிக்குது. ஒரு மாசத் தாளச் சேத்து வச்சா ஆள் கேக்கதுக்கு அதுதான் ஆதாரம். 2014ல 9 ஐரோப்பிய நாட்டு ஆய்வு ஒண்ணு லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினா, ஆபரேஷன் ஆனவங்க 30 நாளுக்குள்ள இறக்குற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு அதுல இருக்கு. ஐசியூ ஆய்வு இல்ல, ஆனாலும் நிர்வாகத்துட்ட காட்டு.

தென்காசி தம்பி:
எங்கப்பா ஐசியூல இருக்காவ. பாக்க கொஞ்ச நேரந்தான் விடுதாவ. நாங்க எதுவும் செய்யலாமாக்கா?

அம்பை அக்கா:
கண்ணாடி, காது மிஷின் இருந்தா கொண்டு குடுங்க தம்பி. இன்னைக்கு என்ன கிழமை, எங்க இருக்காவன்னு சொல்லுங்க. மயக்கத்துல மனசு குழம்புறவங்களுக்கு அது ரொம்ப உதவும். சிஸ்டர்ட்ட கேட்டுட்டு கையப் பிடிச்சு உக்காருங்க.

பாளை சிஸ்டர்:
நாளைக்கே நடைய ஆரம்பிச்சுருதேன்க்கா. பிரஷர ஏத்துற நார்அட்ரினலின் மருந்து ஓடுற நோயாளியத் திருப்புனா பிரஷர் விழுதே?

அம்பை அக்கா:
டாக்டர்ட்ட கேட்டுட்டு, மானிட்டரப் பாத்துக்கிட்டே கொஞ்சங் கொஞ்சமாச் சாய்க்கணும். அதுவும் தாங்கலன்னா தலை, கை, குதிகால மட்டும் இடம் மாத்து. ஏன் திருப்பலன்னு சார்ட்ல எழுதிட்டு, அடுத்த நடையில மறுபடியும் பாரு.