குரும்பப்பட்டியில் குரங்குகளுக்குப் புது இடம்: வேண்டுமா, வேண்டாமா?

மலையடிவாரம்:
சேலம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில், ஆய்வுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவுகிற மாதிரி குரங்குகளுக்கென்று பெரிய இடம் ஒன்று கட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் பள்ளி ஆசிரியை. போன மாதம் வகுப்பை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனபோது, கொண்டை ஊசி வளைவில் ஒரு குரங்கு பல்லைக் காட்டியது. "சிரிக்குது மிஸ்" என்று ஒரு பையன் பிஸ்கட்டை நீட்டிவிட்டான். அது சிரிப்பில்லை, பயம். இதையெல்லாம் நிதானமாகச் சொல்லித்தர ஓர் இடம் வேண்டாமா?

இருபதாம்வளைவு:
கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர். மலை முழுக்க நாட்டுக்குரங்கு இருக்கும்போது கூண்டு எதற்கு? பெண் குரங்கு பிறந்த கூட்டத்திலேயே இருந்துவிடும். ஆண் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். கூண்டுக்குள் அது எங்கே போகும்? சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, வேண்டும் என்றும் யாரும் கேட்காதீர்கள். ஆனைமலை மழைக்காட்டில் மரத்துக்கு மரம் தாவுகிற ஜீவனை நம் சித்திரை வெயிலில் வைத்து என்ன படிப்பது?

கால்நடைமாணவன்:
அண்ணா, மின்கம்பியில் கையை இழந்தது, வீட்டில் சங்கிலியோடு வளர்ந்தது, இவற்றைத் திரும்பக் காட்டில் விட்டால் பிழைக்காது. அவற்றுக்கு மட்டும் கட்டலாமே. ஏற உயரம், நம் கண்ணில் படாமல் ஒதுங்க மறைவு, இரண்டும் கட்டாயம். கடலையைத் தட்டில் கொட்டாமல் மூங்கில் குழாயில் ஒளித்துவைத்தால், விரலை விட்டு ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துக் கன்னப்பையில் அடக்கிக்கொள்ளும். அதைப் பார்ப்பதே பாடம்தான். நடுவில் கண்ணாடி வேண்டும், காசநோய் நம்மிடமிருந்து அதற்கும் தொற்றும். ஆய்வுக்கு ஊசியும் வேண்டாம். எச்சத்தை வைத்தே மன அழுத்த ஹார்மோனை அளக்கலாம்.

இருபதாம்வளைவு:
சரி தம்பி, நியாயம்தான். குட்டி போட்டால்? அடுத்த வருடம் இடம் போதாது என்பார்கள்.

கால்நடைமாணவன்:
ஆண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்துவிடலாம் அண்ணா. இமாச்சலில் குரங்குகளுக்குச் செய்கிறார்கள்.

மலையடிவாரம்:
அப்புறம், இரவில் விழித்திருக்கும் தேவாங்கு. ஒல்லிப் பிள்ளையை அந்தப் பெயரால் திட்டுகிறோம், என் வகுப்பில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. பகலில் மங்கலான சிவப்பு வெளிச்சம், இரவில் விளக்கு என்று மாற்றிவைத்தால், பகலிலேயே விழித்துப் பூச்சி பிடிக்கும்.

இருபதாம்வளைவு:
தேவாங்குக்காக 2022-இல் கரூர், திண்டுக்கல் பக்கம் கடவூரில் 11,806 ஹெக்டேர் காட்டைச் சரணாலயம் ஆக்கினார்கள் டீச்சர். அதுதான் அதற்கு ஏற்ற இடம். அடிபட்ட குரங்குகளுக்கு மட்டும் என்று எழுத்தில் கொடுத்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். தேவாங்குக்கு மாட்டேன்.