பிரீ-அலேர்ட்: நான்கு சொல்லும் வேண்டாம், ஐந்தாவது ஒன்று

எல்லோருக்கும் வணக்கம்.

அம்புலன்ஸ் வந்து சேருமுன் வைத்தியசாலைக்குச் சொல்லும் பிரீ-அலேர்ட்டுக்கு (pre-alert) தமிழ்ச்சொல் தேடும் இந்த விவாதத்தில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: முன்னெச்சரிக்கை, முன்னறிவித்தல், தொலையளவை (telemetry), காவுவண்டித் (அம்புலன்ஸ்) தகவல். நான்கும் எனக்கு ஒத்துவரவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என்னுடையதை வைக்கிறேன். அதையும் தாராளமாகக் கிழிக்கலாம்.

முதலில் எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதில் ஒத்துப்போவோம். அம்புலன்ஸ் வீதியில் வந்துகொண்டிருக்கும்போதே, உள்ளே இருக்கிறவர் தாங்கள் போய்ச் சேரப்போகும் வைத்தியசாலைக்கு "இப்படி ஒருவரைக் கொண்டு வருகிறோம்" என்று சொல்கிறாரே, அதற்குத்தான். பிரித்தானியாவில் இதற்கு 'அட்மிஸ்ட்' என்றொரு வரிசை வைத்திருக்கிறார்கள். வயது, நடந்த நேரம், எப்படி நடந்தது, என்னென்ன காயம், நாடி, இரத்த அழுத்தம் போன்ற குறிகள், கொடுத்த சிகிச்சை என்று அந்த ஒழுங்கில்தான் சொல்லவேண்டும். கேட்கிறவரும் அதே ஒழுங்கில் எழுதிக்கொள்வார். இரத்தக்கட்டியால் பக்கவாதம் வந்தவருக்கு அதைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும், அதற்கு முன் சி.ரி. ஸ்கான் எடுத்தாகவேண்டும். தகவல் முன்கூட்டி வந்தால் ஸ்கான் மேசையைக் காலியாக வைத்திருக்கலாம். வராவிட்டால் நோயாளி தள்ளுவண்டியில் கிடக்க, ஆளாளுக்கு ஓடவேண்டியதுதான்.

இனி சொற்கள். முன்னெச்சரிக்கை என்றால் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் தாழமுக்கம், புயல், கடலுக்குப் போகவேண்டாம் என்ற அறிவிப்பு. வைத்தியசாலையை யாரும் எச்சரிக்கவில்லை, ஆயத்தமாக இருக்கத்தான் சொல்கிறார்கள். முன்னறிவித்தல் மின்வெட்டுக்கும் தண்ணீர் வெட்டுக்கும் போய்விட்டது, அதை இனித் திருப்பி வாங்க முடியாது.

தொலையளவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை முன்வைத்த கோயம்புத்தூர் ஐயாவின் பக்கம் வரலாறு இருக்கிறது. 1967இல் மயாமியில் யூஜின் நேகல் என்ற வைத்தியர், தீயணைப்புப் படையின் மீட்பு வண்டியிலிருந்து நோயாளியின் ஈசிஜியை வானலை வழியாக ஜாக்சன் நினைவு வைத்தியசாலைக்கு அனுப்பவைத்தார். இதயத்தின் மின்கோட்டை ஒரு ஒலித்தொனியாக மாற்றி அனுப்புவார்கள், மறுமுனையில் அது திரும்பக் கோடாகும். அதன் நோக்கம் என்ன தெரியுமா? தீயணைப்பு வீரர் தானாக மருந்து ஏற்ற அப்போது அனுமதி இல்லை. வைத்தியர் கோட்டைப் பார்த்து "ஏற்று" என்று வானொலியில் சொன்னால்தான் ஏற்றலாம். ஆகவே அங்கே அளவை அனுப்பியது அனுமதி வாங்க. பிறகு 1970களில் அமெரிக்காவில் 463, 468 மெகாஹேர்ட்ஸ் பக்கம் இதற்கென்றே சோடிசோடியாக அலைவரிசை ஒதுக்கினார்கள். சோடி ஏன் என்றால், இருவரும் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும். சாதாரண வோக்கி டோக்கியில் ஒருவர் பொத்தானை அமத்திக்கொண்டிருக்கும்வரை மற்றவர் வாய் திறந்து பயனில்லை.

காலம் போகப்போக ஊழியர்களே ஈசிஜியைப் படிக்கப் பழகினார்கள், முன்கூட்டியே எழுதிவைத்த விதிப்படி மருந்து ஏற்றவும் உரிமை வந்தது. அனுமதிக்காகக் கோட்டை அனுப்பும் தேவை குறைந்தது. பின்னர் பன்னிரண்டு தட ஈசிஜியைக் கைத்தொலைபேசி வலையமைப்பில் அனுப்பும் வழக்கம் வந்தபோது நோக்கமே வேறாகிவிட்டது. இதயக் குழாய் அடைபட்டவர் வாசலுக்கு வந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் பலூனால் திறக்கவேண்டும் என்பது இலக்கு. அதற்குரிய குழுவை நோயாளி வருமுன்னரே கூட்டிவிடத்தான் அந்தப் படம் போகிறது. கருவியின் வேலை ஒன்றுதான், ஆனால் அதை வைத்துச் செய்யும் காரியம் மாறிவிட்டது. தொலையளவை கருவிக்குப் பெயர், அது அப்படியே இருக்கட்டும். நாங்கள் தேடுவது காரியத்துக்கு.

காவுவண்டித் தகவலில் எனக்கு வேறொரு சிக்கல். நெடுந்தீவில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் குறிகட்டுவான் வரைக்கும் படகுதான். இறங்குதுறையில் ஏற்றி, புங்குடுதீவு, வேலணை தாண்டி, பண்ணைப் பாலத்தால் யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். படகிலிருந்து பேசுகிறவர் சொல்வது காவுவண்டித் தகவலா? வண்டியைப் பெயருக்குள் வைத்தால் தீவுப்பகுதி வெளியே நிற்கும். வானொலியை வைத்தால் தொலைபேசி வெளியே, குரலை வைத்தால் தரவு வெளியே. எதில் ஏறி வந்தாலும், எதனால் சொன்னாலும் மாறாதது ஒன்றுதான்: ஆள் வருவதற்கு முன் தகவல் வருகிறது.

ஆகவே நான் சொல்வது வருமுன் தகவல்.

திருவள்ளுவரின் "வருமுன்னர்க் காவாதான்" எல்லோருக்கும் காதில் இருக்கிறது, புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டு நண்பர்கள் உடனே "வருமுன் காப்போம் திட்டம் இருக்கிறதே, நோய்த்தடுப்பு என்று நினைப்பார்களே" என்பார்கள். நினைக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். 'காப்போம்' போய் 'தகவல்' வந்தவுடனே பொருள் திரும்பிவிடுகிறது. வருகைத் தகவல் என்று மாற்றலாமே என்றால், அது பலாலியில் விமானம் இறங்குகிற பலகை. மேலும் இதிலிருந்து கிளை பிரிக்கலாம்: வருமுன் ஈசிஜி, வருமுன் தரவு. விடுதியில் (வார்டில்) ஒருவர் மற்றவரிடம் "வருமுன் தகவல் வந்ததா?" என்று கேட்டால் நாக்கு இடறாது.

"பிரீ-அலேர்ட் என்றே விடுங்கள், மானிப்பாய் கிறீன் வைத்தியரே கெமிஸ்ட்ரியைக் கெமிஸ்தம் என்று எழுதினாரே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். 1847இல் இங்கே வந்து தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர் சாமுவேல் கிறீன், உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் அவர் அப்படி ஒலிபெயர்த்துவிடவில்லை. தமிழில் கிடைத்தால் தமிழ் என்றுதான் போனார். கெமிஸ்தமும் நிற்கவில்லை, இங்கே இரசாயனவியல்தான் நின்றது.

மந்திகை வைத்தியசாலையில் தாதியாக இருக்கும் அக்கா எழுதியதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு முழு விவாதத்திலும் அதுதான் பெரிய விடயம். இரைச்சலில் "எழுபது", "எண்பது" இரண்டும் ஒன்றுபோல் கேட்கும் என்கிறார். இரத்த அழுத்தத்தில் அந்தப் பத்து சின்ன வித்தியாசம் இல்லை. ஆங்கிலத்தில் பேசுகிறவர்களுக்கும் பிஃப்ரீன் (15), பிஃப்ரி (50) குழப்பம் உண்டு, அதனால்தான் வானொலியில் இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழக்குகிறார்கள். நாங்களும் "ஏழு சைபர்", "எட்டு சைபர்" என்றால் தீர்ந்தது. ஏழும் எட்டும் எந்த இரைச்சலிலும் பிரிந்து கேட்கும். பூச்சியம் வேண்டாம், இழுபடும். சொல்லைத் தெரிவுசெய்கிற இடத்தில் சொல்லும் முறையையும் இரண்டு வரியில் சேர்த்துவிடலாம் என்பது என் கருத்து. 1990 என்ற இலக்கத்தில் கூப்பிடும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடக்குக்கு வந்ததிலிருந்து அம்புலன்சைக் கூப்பிடுவது சனத்துக்குப் பழகிவிட்டது. அம்புலன்சும் வைத்தியசாலையும் தமிழில் கதைக்கிற ஒழுங்கைத்தான், நான் அறிய, இன்னும் எழுதி வைக்கவில்லை.

தரவாக அனுப்பினால் இந்தக் குழப்பமே இல்லையே என்று கேட்கலாம். மொனிற்றர் தானே எண்ணை அனுப்பும், காதில் பிழையாக விழ வழியில்லை, வழியில் யாரும் ஒட்டுக்கேட்பதும் கடினம். சரி. ஆனால் திரையில் வந்து விழுந்ததை யாராவது பார்த்தார்களா என்பது அனுப்பியவருக்கு எப்படித் தெரியும்? தொலைபேசியில் "ஓம், விளங்குது, கொண்டு வாங்கோ" என்று ஒரு குரல் கேட்கும். திரை அப்படிச் சொல்லாது. ஆகவே பெற்றுக்கொண்டவர் தட்டுகிற பொத்தான் ஒன்று வேண்டும், அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

கையளிப்பு வேறு என்பதை மறக்கவேண்டாம். வாசலில் ஆளையும் தாளையும் கொடுத்து நேருக்கு நேர் சொல்வதுதான் அது. வருமுன் தகவல் போனதென்று கையளிப்பைச் சுருக்கக்கூடாது, இடையில் நோயாளியின் நிலை மாறியிருக்கும். ஒப்படைப்பு என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். பத்திரிகையில் சடலம் ஒப்படைக்கப்பட்டது என்று வாசித்து வாசித்து எனக்கு அது கசந்துவிட்டது. சடலத்தையும் கையளிக்கத்தான் செய்கிறார்கள் என்று யாராவது சொல்வீர்கள், தெரியும்.

பொத்தானுக்கு 'பெற்றேன்' எனக்குப் போதும். 'ஏற்றுக்கொண்டேன்' என்றால் கட்டில் இருக்கிறது, வாருங்கள் என்ற வாக்குறுதி மாதிரி ஆகிவிடும், விடுதி நிரம்பிய நாளில் அதை யாரும் தட்டமாட்டார்கள். அக்கா என்ன சொல்கிறார் என்று பார்ப்போம், தட்டப்போவது அவர்கள்தானே.