பி.எஸ்சி. வேளாண்மையில் மகளைச் சேர்க்கலாமா?

நொய்யல்கரை:
மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகளில் இடம் கிடைக்கும் அளவுக்குக் கட்ஆஃப் இல்லை. அதோடு இணைந்த ஒரு தனியார் கல்லூரியில் கிடைக்கும்போல் தெரிகிறது. நான்கு வருடக் கட்டணமும் விடுதியும் சேர்ந்தால் கையைக் கடிக்கும். வீட்டில் நான்கு ஏக்கர் தென்னை இருக்கிறது. "தோப்புக்குள் நிற்கவா இவ்வளவு செலவு?" என்கிறார் மச்சான். அவளோ பிடிவாதமாக இருக்கிறாள். என்ன செய்யலாம்?

மானாவாரி:
வேண்டாம் என்பேன். அருப்புக்கோட்டைப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவன் நான். போன வருடம் இறுதியாண்டுப் பிள்ளைகள் எங்கள் ஊரில் தங்கிப் பயிற்சி எடுத்தார்கள். கோலமாவில் ஊர் வரைபடம் போட்டார்கள், விதைநேர்த்தி செய்து காட்டினார்கள், பேனரைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். என் காட்டில் படைப்புழு குருத்தைத் தின்றுகொண்டிருந்தது. என்ன அடிக்கலாம் என்று கேட்டால், ஒரு தம்பி செல்போனைப் பார்த்து வாசித்தான். அது எனக்கே வருமே! அப்புறம் பாதிப் பேர் கையில் டி.என்.பி.எஸ்.சி. புத்தகம்தான். அரசு வேலைக்குத்தான் என்றால் ஏதோ ஒரு டிகிரி போதாதா?

ஆடிப்பட்டம்:
போதாது. வேளாண் அலுவலர் பதவிக்கு வேளாண் பட்டம் கட்டாயம். வங்கிகளின் வேளாண் கள அலுவலர் வேலைக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வை எழுதவும் வேளாண்மையோ அதைச் சார்ந்த படிப்போ வேண்டும். பி.காம். படித்தவர் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. நான் 2011இல் பட்டம் வாங்கி அந்த வழியில் வந்தவன். இன்று பயிர்க்கடன் கோப்பு பார்க்கிறேன்.

மானாவாரி:
உங்களுக்குக் கிடைத்தது, சந்தோஷம். வேளாண் அலுவலர் தேர்வு வருடா வருடம் வருகிறதா? இடையில் காத்திருக்கிற வருடங்களை யார் கணக்கில் எழுதுவது? இரண்டு வருட வேளாண் டிப்ளமோ படித்தால் உதவி வேளாண் அலுவலர் தேர்வு எழுதலாம், பூச்சிமருந்துக் கடைக்கு உரிமமும் வாங்கலாம். செலவும் குறைவு.

ஆடிப்பட்டம்:
டிப்ளமோ நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் பிறகு முதுகலை, ஆராய்ச்சி என்று போக நினைத்தால் டிப்ளமோவை மட்டும் வைத்து நேராகப் போக முடியாது. சொந்தத் தொழில் என்றால், விவசாயிகளுக்கு ஆலோசனையும் சேவையும் தரும் மையம் தொடங்க உதவும் மத்திய அரசின் வேளாண் மருத்துவ மையத் திட்டம் 2002 முதல் இருக்கிறது. 45 நாள் பயிற்சி, தனிநபருக்கு 20 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 36 சதவீத மானியம், பெண்களுக்கு 44. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: என் மேசைக்கு வந்த கோப்புகளில் முக்கால்வாசி கடைசியில் உரக்கடையாகத்தான் போய் நின்றன.

வலதுஇறகு:
நான் இப்போது இறுதியாண்டு, இதே மாதிரி ஒரு தனியார் கல்லூரியில். பெயர் விளக்கம் கேட்பீர்கள்: பாடத்துக்காகப் பூச்சிகளைப் பிடித்து ஊசியில் குத்தி வைக்கும் பூச்சிப் பெட்டி தயாரிக்கும்போது வண்டுக்கு வலது மேலிறகில்தான் ஊசி குத்த வேண்டும். இரண்டாம் வருடம் விடுதி விளக்கடியில் இரவெல்லாம் அதே வேலை. அப்போது எரிச்சலாக இருந்தது.

போன தை மாதம் என் மாமாவின் தென்னந்தோப்பில், ஓலையின் சாற்றை உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ. பொள்ளாச்சிப் பக்கம் 2016இல் வந்த அதே ஈதான். அடிமட்டை எல்லாம் கரும்பூசணம் பிடித்துக் கறுத்துக் கிடந்தது. மாமா மருந்தடிக்க ஆள் சொல்லிவிட்டார். ஒரு கீற்றை ஒடித்துத் திருப்பி லென்ஸில் பார்த்தேன். வெள்ளைக் கூட்டுப்புழுக்களுக்கு நடுவே கறுத்தவை நிறைய. "நோய் முற்றிவிட்டது பார்" என்றார் மாமா. உண்மையில் என்கார்சியா என்ற குட்டிக் குளவி முட்டையிட்டதால் கறுத்தவை அவை. விஷம் அடித்தால் ஈக்கு முன்னால் குளவிதான் சாகும். ஆளைத் திருப்பி அனுப்பினோம். ஈ ஒட்டிக்கொள்ள மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டினோம், கரும்பூசணத்துக்கு மைதாப் பசையைக் கரைத்து அடித்தோம். குளவி பரவட்டும் என்று, கறுத்த புழு இருந்த கீற்றுத் துண்டுகளை மற்ற மரங்களில் செருகினோம்.

மானாவாரி:
இது எனக்குத் தெரியாத விஷயம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மா, அந்தக் கண் உனக்கு இருந்தது. கல்லூரியா கொடுத்தது? எங்கள் ஊருக்கு வந்த தம்பியும் அதே பாடத்தைத்தானே படித்தான்?

வலதுஇறகு:
நியாயம்தான் அண்ணா. பாடத்திட்டம் எல்லோருக்கும் ஒன்று, நிலம் ஒன்றில்லை. எங்களுக்கு ஆளுக்கொரு பாத்தி கொடுத்தார்கள். ஆனால் அந்த வருடம் கிணறு வற்றி, பாதிப் பயிர் காய்ந்துவிட்டது. விளைச்சல் கணக்கை நோட்டில் சும்மா நிரப்பினோம். அதனால் நொய்யல்கரை ஐயா, கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பண்ணைக்குள் போய்ப் பாருங்கள். சீனியர்களின் பூச்சிப் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், காசு கொடுத்து வாங்கிய பெட்டி என்றால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

ஆடிப்பட்டம்:
இணைப்பு இந்த வருடத்துக்கும் இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வுப் பட்டியலில் சரிபாருங்கள். கல்லூரி அலுவலகம் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

நொய்யல்கரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் மகளோடு தோப்புக்குப் போய்க் கீற்றைத் திருப்பிப் பார்த்தேன். பத்து மரத்தில் மூன்றில் கறுத்த புள்ளி இருக்கிறது என்று எண்ணிச் சொன்னாள். எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை. சனிக்கிழமை கல்லூரிக்குப் போகிறோம். முதலில் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும் என்கிறாள். மச்சானும் வருகிறார்.